கலங்கல் அட்டை

மணவாளன் தன் பகடைகளை நீல வெல்வெட் பையில் போட்டு, அதன் வாயை வெள்ளி நாடாவால் கட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே பூமிகாவுக்கு அவன்மேல் மிச்சமிருந்த மரியாதையும் போய்விட்டது. கல்யாணத் தாலியைக்கூட அவள் மாமியார் வீட்டில் மஞ்சள் தாளில் மடித்துத்தான் கொடுத்தார்கள்.

"இது என்னோட பர்சனல் செட், மேடம். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது. வேற யாரும் தொட விடமாட்டேன். இன்னைக்கு உங்களுக்காக," என்றான்.

பூமிகா சிரித்து வைத்தாள். ஓராண்டாக இவன் சொன்னதற்கெல்லாம் சிரித்து வைத்து அவளுக்குத் தாடை பழகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பித் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எட்டு வருஷமாகப் போனிலேயே தட்டி அவள் எழுதிய கதைதான் 'ஏழு மதகு'. ஐந்து பாகம். ஒரு பேரேரி, அதன் அடியில் படுத்துக்கொண்டு நூறு வருஷமாகத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிற ஒரு பூதம், ஏழு மதகுகளுக்கு ஏழு ஊர்கள், அந்தப் பூதத்தை எழுப்பி விரட்டி ஏரியை நிரப்பக் கிளம்புகிற மாரிக்கண்ணி என்ற பெண். சிறிய பதிப்பகம் ஒன்று அதைப் புத்தகமாகப் போட்டது. படித்தவர்கள் நன்றாகவே சொன்னார்கள். படித்தவர்கள் கொஞ்சம் பேர்.

அந்தக் கொஞ்சம் பேரில் அவள் வீட்டார் யாரும் இல்லை. மாமியார் கங்கம்மா அக்கம்பக்கத்தில் சொல்வது இதுதான்: "எங்க மருமவ கத எழுதறா. ஏரிக்கு அடியில பூதம் படுத்துக்கினு கீதாம். படுத்துக்கட்டும், நமக்கு இன்னா." கணவன் அன்புராஜ் ஐந்து புத்தகங்களையும் அலமாரியில் உயரவாரியாக அடுக்கி வைத்தான். இலக்கியத்துக்கு அவன் செய்த சேவை அத்தோடு முடிந்தது.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து மணவாளன் வந்தான். கதைத் தொடர்களை மேஜை ஆட்டங்களாக மாற்றுகிற கம்பெனி அவனுடையது. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்குக் கதையில் ஒரு வேஷம். ஒருவர் மட்டும் கதைசொல்லி. அவர் "இப்போது உன் எதிரே பூட்டிய கதவு, என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். செய்ய நினைப்பதை நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். பூமிகா இதை ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். தாடி வைத்த ஐந்து ஆண்பிள்ளைகள் ஒரு கதவைத் திறக்க அரை மணி நேரம் பகடை உருட்டினார்கள். கதவு திறந்தபோது கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவர்களுக்கெல்லாம் வீட்டில் யார் கதவு திறந்துவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

இருந்தும் பொறுத்துக்கொண்டாள். காரணம் அந்தப் பெட்டி. மேல்மூடியில் 'பூமிகா அன்புராஜின் ஏழு மதகு' என்று பொன்னெழுத்தில் அச்சடித்து, கனமாக, பளபளவென்று ஒரு பெட்டி வரும். அதைக் கொண்டுவந்து அத்தையின் டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வருகிற போகிற சொந்தமெல்லாம் பார்க்க வேண்டும். இந்த ஒன்றுக்காகத்தான் அவள் மணவாளனின் ஆங்கில விதிப்புத்தகத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கப் படித்தாள். நூற்றுக்கணக்கில் விதிகள். அதில் 'டர்மாயில்', அதாவது கொந்தளிப்பு, என்று ஓர் அளவுகோல் வந்துகொண்டே இருந்தது. அது ஏறினால் ஆபத்தாம். இவன் சொந்தச் சரக்கு போலிருக்கிறது, ஆட்டத்துக்கு ஏதோ தேவை என்று விட்டுவிட்டாள்.

இன்று தமிழ்ப் பதிப்பின் மாதிரி வந்திருக்கிறது. ஆடிப் பார்த்து அவள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் நாளை அச்சுக்குப் போகும்.

ஆட்டத்தைக் கவரைப்பேட்டைக்கு அருகே அவள் வீட்டிலேயே வைக்கலாம் என்றது மணவாளன்தான். "ஒரு ரூரல் டெஸ்ட் மாதிரி இருக்கும் மேடம். கிராமத்து மக்களும் ஆடறாங்கன்னு வீடியோ போட்டா நல்லா ரீச் ஆகும்." வந்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. வீட்டில் டைல்ஸும் இரண்டு கதவு ஃபிரிட்ஜும் ஏசியும் இருந்தன. ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏசிய ஆஃப் பண்ணிடலாமா மேடம்? வீடியோவுக்கு ஃபேன் போதும்."

"இன்னாத்துக்கு? டப்பு குட்த்து வாங்கினது ஓடட்டும்," என்றாள் கங்கம்மா. "நீ எந்த ஊரு நைனா?"

"சென்னை. அண்ணா நகர்."

"பொறந்ததே அங்கயா?"

"பொறந்தது... திருவள்ளூர் பக்கம், செவ்வாப்பேட்டை," என்றான், திருட்டை ஒப்புக்கொள்கிறவன் போல.

"அப்ப நம்மாளுதான். அதுக்கு ஏன் இப்டி முழிக்கிற?"

அன்புராஜ் வாயைத் துடைப்பது போல் சிரிப்பை மறைத்தான்.

மணவாளன் மேஜைமேல் ஏரியின் படம் போட்ட பலகையை விரித்தான். போனை ஒரு கம்பில் நிறுத்திப் படம் எடுக்க வைத்தான். பகடைப் பையை அவிழ்த்தான். அதில் ஒன்றுக்கு இருபது முகம். கங்கம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நெல்லிக்கா மாதிரி கீது. இது எப்டி நிக்கும்?"

"அத தொடாதீங்கம்மா, ப்ளீஸ்."

"தொடாம எப்டிப்பா உருட்டறது?"

வேஷங்கள் பங்கிடப்பட்டன. அன்புராஜ் மதகுக் காவலன். கங்கம்மாவுக்கு மணவாளன் சூனியக்காரி அட்டையை நீட்டினான். "ஏன், என் மூஞ்சியப் பாத்தா அப்டி தெரியுதா?" என்று அவள் கேட்டதும் அவன் கை தானாகப் பின்வாங்கியது. அவளே குவியலைக் கலைத்துப் பார்த்துக் கடைமடை ராணியை எடுத்துக்கொண்டாள். கிரீடம் இருந்ததாம்.

பூமிகாவுக்கு மாரிக்கண்ணி. தான் பெற்ற பெண்ணை அட்டையில் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு ஒரு கணம் இளகியது. அடுத்த கணமே இறுகிவிட்டது. வலிமை ஆறு. அறிவு ஏழு. அழகு பதினெட்டு. படத்தில் ஒரு பெண் இடுப்பை ஒடித்து நின்று எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள்.

"மாரிக்கண்ணிக்கு முன்பல் கிடையாது," என்றாள் பூமிகா. "ரெண்டாவது பாகத்துல மதகுக் கதவு இடிச்சு விழுந்துடும். மூணு பாகம் முழுக்கப் பல் இல்லாமதான் பேசுவா. 'ச' வராது. அதுதான் அவளே."

"தெரியும் மேடம். ஆனா பாக்ஸ் ஆர்ட்ல பல் இல்லாத ஹீரோயின்னா..." மணவாளன் ஒரு குழந்தைக்குச் சொல்வது போல் இறங்கி வந்து சொன்னான். "ரீடர் வேற, பிளேயர் வேற. ரீடர் பொறுத்துப்பான். பிளேயருக்கு ஆஸ்பிரேஷன் வேணும்."

பெட்டி, பெட்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் பூமிகா. பல்லை விழுங்கிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. மணவாளன் குரலைத் தாழ்த்தி, யாரோ தொண்டையைப் பிடித்திருப்பது போல் கதை சொன்னான். "இருள். பேரேரியின் கரை. எங்கோ ஓர் ஆந்தை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"ஆந்த கத்துனா இன்னா செய்யறது? ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்," என்றாள் கங்கம்மா.

"அம்மா, நீங்க ராணி. ராணி மாதிரி யோசிங்க."

"ராணிக்கு மட்டும் தூக்கம் வராதா?"

ஆனால் பகடை கைக்கு வந்ததும் அவள் ஆளே மாறிவிட்டாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஊதி, மேஜை அதிர உருட்டினாள். பதினேழு. பதினெட்டு. மறுபடி பதினேழு. மழை அட்டைகள் அவள் பக்கமே விழுந்தன. பலகையின் ஓரத்தில் ஏரியின் அளவைக் காட்டும் ஒரு சிவப்புக் கல் படிப்படியாக மேலே ஏறியது. ஒவ்வொரு படிக்கும் கங்கம்மா தொடையைத் தட்டினாள். அன்புராஜ்கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பூமிகாவுக்கே நம்ப முடியவில்லை. எட்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அவள் ஏரியைத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று அதன் தண்ணீர் ஏறுவதை இரண்டு பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணவாளன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "ஜாக்கிரதை. இன்னும் ரெண்டு படிதான். அப்புறம் கலங்கல் வந்துடும்."

"வரட்டும்பா. அதுக்குத்தானே ஆடறோம்," என்றாள் கங்கம்மா.

பாவம், விளங்கவில்லை என்பது போல் போனைப் பார்த்து மணவாளன் ஒரு புன்னகை செய்தான்.

அடுத்த உருட்டலில் கல் உச்சியைத் தொட்டது. "ஐயோ," என்று மணவாளன் மெதுவாகச் சொல்லிவிட்டு, தனியாக வைத்திருந்த கறுப்பு அட்டையைத் திருப்பிப் போட்டான். அதில் ஒரு மண்டை ஓடு. கீழே சிவப்பு எழுத்து. நல்ல உச்சரிப்போடு படித்தான்: "கலங்கல்! ஏழு ஊர் மக்களும் மனம் கலங்கிப் பித்துப் பிடித்து ஓடுகிறார்கள். அனைவரும் தோற்றீர்கள்."

தொடையைத் தட்ட ஓங்கிய கையைக் கங்கம்மா இறக்கினாள்.

"இன்னாது?" என்றாள் கங்கம்மா.

"கலங்கல்மா. டர்மாயில் உச்சத்துக்குப் போயிடுச்சு. எல்லாருக்கும் சித்தம் கலங்கிடுச்சு. கேம் ஓவர்."

"ஏரி ரொம்பினா எவனுக்குடா பைத்தியம் புடிக்கும்?"

பூமிகா அட்டையைக் கையில் எடுத்தாள். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து போகக் கட்டி வைத்திருக்கிற கல் அணை, அதற்குப் பெயர் கலங்கல். இந்தப் பக்கத்தில் ஏரி நிரம்பிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'கலங்கல் போகுது' என்பார்கள். அந்த ஒரு வார்த்தை கேட்டால் அந்த வருஷத்துக்குக் கவலை இல்லை என்று அர்த்தம். மஞ்சள் குங்குமம் எடுத்துக்கொண்டு பெண்கள் போவார்கள். அவளுடைய ஐந்து பாகமும் அந்த ஒரு வார்த்தையை நோக்கித்தான் நடந்தன.

"டர்மாயில்னு நீங்க இங்கிலீஷ்ல எழுதினது இதைத்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம். உங்க வார்த்தைதானே. உங்க கடைசி சேப்டர்ல இருந்துதான் மொத்த கேம் மெக்கானிக்ஸும் எடுத்தோம்." பெருமையாக ஒரு தாளைப் புரட்டிக் காட்டினான். அவளுடைய வரிகள்தான். 'கலங்கல் போனது. ஊரே ஓடியது. ஆண்கள் அழுதார்கள்.'

"ஊர் எங்க ஓடுச்சு?"

"எங்கன்னா... தப்பிச்சு ஓடுது."

"வேடிக்கை பாக்க ஓடுது. தண்ணி வழியறதப் பாக்க. ஆம்பளைங்க சந்தோஷத்துல அழறாங்க. அதுக்கு அடுத்த பக்கத்துல பொங்கல் வெக்கறாங்களே, அது எதுக்கு? பைத்தியம் தெளியறதுக்கா?"

மணவாளன் அடுத்த பக்கத்தைத் தேடினான். அந்தத் தாளில் அடுத்த பக்கம் இல்லை.

"அஞ்சு பாகமும் படிச்சீங்களா, இல்லையா?"

"டீம் படிச்சாங்க மேடம். எனக்கு ஒரு சம்மரி குடுத்தாங்க. நாலு பக்கம். நல்ல சம்மரி."

எட்டு வருஷம் நாலு பக்கமாகியிருந்தது. பூமிகாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகின காயைக் கூடையிலிருந்து எடுக்கும்போது வருகிற ஒரு நிதானம் வந்தது. நூறு வருஷம் காய்ந்து கிடக்கிற ஏரியை நிரப்பப் போராடுகிறவளைப் பற்றி அவள் எழுதினாள். ஏரி நிரம்பிவிடாமல் பார்த்துக்கொள்கிற ஆட்டத்தை இவன் செய்துகொண்டு வந்திருக்கிறான். இவன் ஆட்டத்தில் ஜெயிக்கிறவன் யார் என்று யோசித்தாள். அடியில் படுத்திருக்கிற பூதம்தான்.

மணவாளனும் லேசில் தோற்கிறவன் இல்லை. "சிம்பிள் ஃபிக்ஸ் மேடம். வார்த்தைய மாத்திடலாம். கலங்கலுக்குப் பதிலா பிரளயம். பிரளயம்னா எல்லாருக்கும் புரியும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். நீங்க இங்க ஒரு கையெழுத்து மட்டும்..."

அவன் நீட்டிய தாளின் மேலே பெட்டியின் படம் இருந்தது. பொன்னெழுத்தில் அவள் பெயர். அவள் நினைத்ததைவிட அழகாகவே இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் சரியாகப் பொருந்தும். ஒரு கையெழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தச் சொந்தக்காரர்களில் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பேனாவை வாங்கிக்கூட விட்டாள்.

இதற்குள் கங்கம்மா சிவப்புக் கல்லை எடுத்து அடிப்படியில் வைத்தாள். "அது கெடக்குது. மொதல்லருந்து ஆடலாம். ஏரி ரொம்பணும். ரொம்பினாத்தான் கெலிப்பு. டேய் அன்பு, உன் நெல்லிக்காய உருட்டு."

"அம்மா, அப்படி ஆட முடியாது. ரூல்ஸ் அப்படி இல்ல," என்றான் மணவாளன்.

"நீ கம்னு குந்து நைனா. நீ ஆடற ஆட்டம் பேஜாரா கீது."

ஆடினார்கள். அதே பலகை, அதே அட்டைகள், தலைகீழ் ஆட்டம். ஏரியும் நிரம்ப வேண்டும், அவரவர் வயலும் காயக் கூடாது. மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர், ஏரி இறங்கும். மூடினால் ஏரி ஏறும், பயிர் சாகும். நாலாவது சுற்றில் அன்புராஜ் தன் தாயைப் பார்த்துக் கத்தினான்.

"யம்மா, நீ மதகத் தொறந்துட்டு மூடவேயில்ல. கல்ல நவுத்து."

"எப்ப தொறந்தேன்? நீ பாத்தியா?"

"கை வெச்சு மறச்சிக்கினு கீற. எடு கைய."

"ராணி கைய எடுன்றான் பாரு, வாட்ச்மேன்."

"வாட்ச்மேன் இல்ல, மதகுக் காவலன்."

பூமிகா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாரிக்கண்ணியை நடுமதகுக்கு நகர்த்தினாள். அத்தை மூன்றாவது முறையும் திருடினாள். அன்புராஜ் சாட்சிக்கு மணவாளனையே கூப்பிட்டான். அவன் குனிந்து பலகையைப் பார்த்தான். பகடை உருட்டுகிற தொழிலில் பல வருஷம் இருப்பவன், ஆட்டம் களைகட்டிவிட்டது என்பது அவனுக்குத் தெரியாமல் போகாது.

"இன்ட்ரெஸ்டிங்காதான் இருக்கு," என்று கடைசியில் சொன்னான். "ஆனா இதுல வில்லனே இல்லையே."

"ஏன் இல்ல? நான் கீறேனே," என்றாள் கங்கம்மா.

பூமிகா தாளை அவன் பக்கம் தள்ளினாள். "இப்படி மாத்துங்க. பல்லையும் எடுங்க. கையெழுத்துப் போடறேன்."

"மேடம், நாளைக்கு பிரஸ். வருஷம் முழுக்க பேலன்ஸ் பண்ண கேம் இது. பெங்களூர்ல ஆடின எல்லாருக்கும் பிடிச்சிருந்துது."

"அப்ப பெங்களூர்ல யாராவது ஏரிக் கத எழுதியிருந்தா வாங்கிக்குங்க. என் பேரும் வேணாம், மாரிக்கண்ணியும் வேணாம்."

அவன் முகத்திலிருந்த பணிவு கழன்று விழுந்தது. "உண்மையச் சொல்லட்டுமா மேடம்? இந்த புக்ஸ மிஞ்சிப்போனா நானூறு பேர் படிச்சிருப்பாங்க."

ஓராண்டாக அவனிடம் பூமிகா அளந்து அளந்து பேசிவந்த தமிழ் அந்த இடத்தில் அறுந்தது. "நானூறு பேருக்கும் கலங்கல்னா இன்னான்னு தெரியும். உன்கூட கீற டீமுக்குத் தெரியல. போய்க்கினே இரு."

கங்கம்மா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை.

மணவாளன் போனை அணைத்தான். பலகையை மடித்தான். இருபது முகப் பகடையைச் சட்டையில் துடைத்து வெல்வெட் பைக்குள் போட்டான். அட்டைகளை எண்ணினான், மறுபடி எண்ணினான். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். "ஒரு அட்டை குறையுது."

"எது நைனா?"

"கலங்கல்."

"பாரு, நீ சொன்ன மாதிரியே ஓடிப்பூட்ச்சு போல," என்றாள் கங்கம்மா. உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் அசையவில்லை.

கார் ஜி.என்.டி. ரோட்டில் ஏறிப் போன பிறகுதான் எழுந்தாள். தொடைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து மகனிடம் நீட்டினாள். "மண்ட ஓட்டுமேல ஏதாச்சும் ஒட்டு. பாக்கவே நல்லால்ல."

அந்த வாரம் பூமிகா வேறு எதுவும் எழுதவில்லை. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து ஏரி வரைந்தாள், மதகுகள் வரைந்தாள், பல் இல்லாத ஒரு பெண்ணை வரைந்து அழித்து மறுபடி வரைந்தாள். விதிகளை எழுதினாள். நாலு பக்கம் வந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை தன் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த அன்புராஜ் பேன்ட் பையிலிருந்து கனமான எதையோ எடுத்து மேஜையில் வைத்தான். ஸ்கிராப்பில் போன ஆறுபட்டைக் கம்பியில் அறுத்த இரண்டு துண்டு. ஓரமெல்லாம் கையைக் கிழிக்காதபடி ராவி, பட்டைக்கு ஒன்றாக, ஒன்று முதல் ஆறு வரை எண்களைப் பஞ்ச் உளியால் அடித்திருந்தான்.

"வெல்வெட் பை இல்லியா?" என்று கேட்டாள் பூமிகா.

"அவன் மூஞ்சி. உருட்டிப் பாரு." வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்தப் பல்லு விழறது எந்த புக்குல வருதுன்ன?"

"ரெண்டாவதுல. நீங்க ஒண்ணாவதுலருந்து படிக்கணும்."

"அது ரொம்ப தடியா கீது."

மறுநாள் ஆடினார்கள். கங்கம்மா விதிகளைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "உன் கதையில அவ எல்லா ஊருக்கும் சமமா தண்ணி வுடறாளாமே. அன்பு சொன்னான்."

"ஆமா அத்த."

"எல்லாரும் அப்டி நல்லவங்களா இருந்தா ஏரி ஒண்ணாவது புக்குலயே ரொம்பியிருக்கும். அஞ்சு எதுக்கு?"

பூமிகாவுக்குச் சுருக்கென்றது. பதிப்பகத்தார் கேட்காத கேள்வி. மாமியாரைக் கண்டபடி திட்ட வேண்டும் போலவும், உடனே போய் ஆறாவது பாகத்தைத் தொடங்க வேண்டும் போலவும் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பலகையையும் அட்டைகளையும் கங்கம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். டின்னைத் தன் முந்தானையால் துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து அது என்ன என்று கேட்டபோது, "மருமவ செஞ்சது. ரூல்ஸ் சரியில்ல, நான் சொல்லிக்குடுத்துக்கினு கீறேன்," என்றாள்.

கம்பித்துண்டுகள் மட்டும் மேஜையிலேயே கிடந்தன. பூமிகா ஒன்றை எடுத்துச் சும்மா உருட்டினாள். கங்கம்மா எட்டிப் பார்த்து ஒன்பது என்றாள். ஆறு என்றாள் பூமிகா. எண்ணின் சுழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நன்றாகப் பார் என்றாள் கங்கம்மா. ஆறு பட்டையில் ஒன்பது எங்கிருந்து வரும் என்று அன்புராஜ் கேட்டதை இரண்டு பேரும் காதில் வாங்கவே இல்லை.